அயனிகளை அளந்த அறிஞர்

வெங்காய மண்டியில் பருமன் பார்த்து ரகம் பிரிப்பது என் தந்தையாரின் தொழில். பெரியது ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற பருவத்தில் பெரோவ்ஸ்கைட், இல்மனைட், ஸ்பைனல் என்ற பெயர்களைப் பொருள் புரியாமல் நெட்டுருப் போட்டே தேர்வெழுதினேன். உலோக ஆக்ஸைடுகளையும் ஒருவர் பருமன் பார்த்துத்தான் பிரித்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர்தாம் விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஷ்மிட்.

1888இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வேதியியல் பேராசிரியர். 1901இல் குடும்பம் நார்வேயின் கிறிஸ்டியானியா நகரில் குடியேறியது. இன்றைய ஆஸ்லோ அதுவே. 23 வயதில் டாக்டர் பட்டமும் 26 வயதில் பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்து, 1926இல் அயனிகளின் ஆரங்களைப் பட்டியலிட்டார். யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்திற்கு, ரஷ்யப் பிரபு பெரோவ்ஸ்கியைச் சிறப்பிக்கும் வகையில் பெரோவ்ஸ்கைட் என்று 1839இல் குஸ்டாவ் ரோஸ் பெயரிட்டிருந்தார். அந்த ஒற்றைக் கல்லின் பெயர் கோல்ட்ஷ்மிட் கையில் ஒரு பெருங்குடும்பத்தின் பெயராயிற்று.

இக்குடும்பத்தில் பெரிய உலோக அயனியைச் சுற்றிப் பன்னிரண்டு ஆக்சிஜன்கள்; சிறியதைச் சுற்றி ஆறு. இவை பொருந்துமா என்பதற்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். பெரிய அயனியின் ஆரத்தோடு ஆக்சிஜன் ஆரத்தைக் கூட்டுக. சிறிய அயனியின் ஆரத்தோடும் அவ்வாறே கூட்டி, இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்குக. முதல் தொகையை இதனால் வகுத்தால் வரும் விடை 1க்கு அருகில் இருப்பின் பெரோவ்ஸ்கைட் அமையும். நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட்டும் டைட்டானியமும் மூன்று ஆக்சிஜனும் கொண்டதே. ஆனால் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது சிறிய இரும்பு அயனி. பன்னிரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே அது நிலைகொள்ளாது. எனவே வேறு அமைப்பு, வேறு பெயர். 2009இல் சூரிய மின்கலமாகப் பயன்பட்ட பெரோவ்ஸ்கைட்டுகளில் ஆக்சிஜனே இல்லை. அமைப்பு ஒன்றாதலால் பெயரும் ஒன்றாயிற்று.

இத்தகைய மேதையை மனிதர்கள் எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? 1929இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்றவர், நாஜிகளின் யூத வெறுப்பால் 1935இல் நார்வே திரும்பினார். 1940இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியது. 1942இல் அவர் கைதாகி முகாமில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 26 அன்று, யூதர்களை ஏற்றிச் செல்லும் கப்பலுக்காகத் துறைமுகத்தில் நின்றவரைக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டனர். அவரது அறிவு நாட்டுக்குத் தேவையாம்! கப்பலில் சென்ற 500க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் மாண்டனர். அவரோ சுவீடனுக்குத் தப்பி, இங்கிலாந்து சென்று, 1946இல் ஆஸ்லோ திரும்பினார். நலிந்த உடலோடு 1947 மார்ச் 20இல் மறைந்தார்.

கல்லை அதன் இயல்பால் பிரித்தவரை, உலகம் பிறப்பால் பிரித்தது. முன்னதன் பெயர் அறிவியல். பின்னதன் பெயர் கொடுமை.

நண்பர்களே, தந்தையின் தொழில் என்னவென்று வகுப்பில் கேட்டபோது வியாபாரம் என்று பொய் சொன்னவன் நான். பிறர் என்னை எந்தக் குவியலில் போடுவார்களோ என்ற அச்சம். இனி அப்பொய் எனக்குத் தேவையில்லை. இந்த இதழை அப்பாவிடம் படித்துக் காட்டப் போகிறேன்.