1729: தாயார் கொடுத்ததா, சிலேட்டு கொடுத்ததா?

ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு சங்கதிகள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று நாமக்கல் நாமகிரித் தாயார். மற்றொன்று டாக்ஸி எண் 1729. இரண்டையும் முடிச்சுப் போட்டு, தாயார் அவர் நாவில் எழுதிய எண் என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. நானும் தெய்வ நம்பிக்கை உள்ளவன்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவருடைய உழைப்பைக் குறைத்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு. தகப்பனார் ஜவுளிக் கடை குமாஸ்தா. கணிதப் பைத்தியத்தில் மற்றப் பாடங்களைக் கைவிட்டு எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல் போனார். காகிதத்துக்குக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம், 1913ல் ஹார்டிக்குக் கடிதம், 1914ல் கப்பல், 1918ல் எஃப்.ஆர்.எஸ். இதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே.

உடல்நலம் கெட்டு லண்டன் பட்னியில் மருத்துவ விடுதியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். ராமானுஜன் உடனே மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்றார். 1ன் கனமும் 12ன் கனமும்: 1 + 1728. 9ன் கனமும் 10ன் கனமும்: 729 + 1000. பிரான்ஸ் தேசத்து ஃபிரெனிக்கிள் 1657லேயே கண்ட எண்தான் இது.

இங்கே நாச்சாரத்தில் நம்மவர் வீட்டுக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லும்போது இலக்கங்களையும் கூட்டச் சொல்வேன். 19 வரும். அதைத் திருப்பினால் 91. இரண்டையும் பெருக்கினால் மறுபடி 1729! இன்னொன்று: 7, 13, 19 என்ற மூன்று பகா எண்களின் பெருக்கலான இது, பகா எண்ணைப் போலவே வேஷம் போடும். எந்த முழு எண்ணின் 1729ஆம் படியிலிருந்தும் அதே எண்ணைக் கழித்தால், மிச்சம் 1729ஆல் மீதியின்றி வகுபடும்.

போன வருஷம் ஒரு சிறுமி கேட்டாள்: “தாத்தா, அவருக்கு எப்படி டக்குனு தெரிஞ்சுது?” அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். டக்கென்று தெரியவில்லை. சீமைக்குப் போகும் முன்பே எழுதிய நோட்டில் இந்தக் கணக்கு இருக்கிறது. கனங்களோடு அவர் வருஷக்கணக்கில் பழகியவர்.

ஹார்டி விடவில்லை, நான்காம் படிக்கு அப்படி ஓர் எண் உண்டா என்று கேட்டார். ராமானுஜன் சற்று யோசித்துவிட்டு, தமக்கு ஒன்றும் தென்படவில்லை, இருந்தால் மிகப் பெரியதாக இருக்கும் என்றார். கதை சொல்பவர்கள் இதை விட்டுவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். முன்பே பழகியதற்கு உடனே பதில், பழகாததற்கு யோசனை. அந்த எண் 635318657. ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டது.

1919ல் ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26ல், 32 வயதில், சேத்துப்பட்டில் காலமானார். கடைசிவரை கணக்குப் போட்டார். அவருடைய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிடி நூலகத்தில் கிடந்ததை ஆண்ட்ரூஸ் 1976ல் கண்டெடுத்தார். அவற்றில் ஒரு பக்கத்தில், இரு கனங்களின் கூட்டல் மூன்றாவது கனத்துக்கு ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ வரும் கணக்குகள் வரிசையாக இருக்கின்றன. 135, 138 இவற்றின் கனங்களைக் கூட்டினால் 172ன் கனத்துக்கு ஒன்று குறைவு. அதே பக்கத்தில் 9, 10, 12ம் இருக்கிறது.