காணாமற்போன கலைஞர்

சார்ளி சப்ளினை அறியாதார் நம்மில் இலர். அவருடைய தொப்பியும் பிரம்பும் கோணல் நடையும் எழுத்தறியாச் சிறுவரையும் சிரிக்க வைப்பன. எனினும், அப்பெருங்கலைஞரின் உடல் புதைகுழியினின்று களவாடப்பட்டுப் பதினொரு வாரங்கள் காணாமற்போயிருந்த கதையை நம்மிற் பலர் அறியார்.

1889 ஏப்ரல் 16 ஆம் நாள் பிறந்த சப்ளினின் இளமை இலண்டனின் வறுமைக்குள்ளே கழிந்தது. தந்தை மதுவினால் அழிந்தார். தாய் மனநோய்க்கு ஆளானார். ஏழு வயதிலேயே ஏழைகள் விடுதியைக் கண்ட அச்சிறுவன், பின்னர் நாடகக் குழுவொன்றுடன் அமெரிக்கா சென்று, 1914 இல் திரையிலே தோன்றினார். 1917 இல் அவர் எடுத்த 'குடியேறி' என்னும் குறும்படத்தில், கப்பலில் வந்த ஏழை மக்கள் சுதந்திரச் சிலையை ஏறிட்டு நோக்குகின்றனர். அவ்வேளையிலேயே அதிகாரிகள் அவர்களைக் கயிற்றினால் வளைத்து மந்தைபோல் ஒதுக்குகின்றனர். சப்ளின் ஓர் அதிகாரியைப் பின்னால் உதைக்கின்றார். குடிவரவு அலுவலக வாசல்களிற் காத்துக்கிடந்த நமக்கு அக்காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நீண்டகாலம் அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமையைப் பெறவில்லை. பொதுவுடைமையாளர் என்ற ஐயமும் அவர்மீது விழுந்தது. 1952 செப்டெம்பரில் 'லைம்லைற்' படத்தின் முதற்காட்சிக்காகக் குடும்பத்துடன் இலண்டனுக்குக் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலிற் செல்கையில், அவர் நாடு திரும்புவதற்கான அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. அவரும் திரும்பவில்லை. மறு ஆண்டு சுவிற்சர்லாந்தில், வெவே நகரை அடுத்த கோர்சியே என்னும் ஊரிற் குடியேறினார். 1972 இல் ஒஸ்கார் விருது பெறுதற்கு மட்டும் அமெரிக்கா சென்று மீண்டார்.

1977 நத்தார் தினத்தன்று, எண்பத்தெட்டாம் வயதிற் காலமானார். கோர்சியே மயானத்திலேயே அடக்கஞ் செய்தனர். 1978 மார்ச் தொடக்கத்தில் ஒரு நாட்காலை குழி தோண்டப்பட்டு வெறுமையாய்க் கிடந்தது. பெட்டியோடு உடலைக் காணோம். வதந்திகள் பலவாறு உலவின. பின்னர், பெருந்தொகை கேட்டுத் தொலைபேசி மிரட்டல்கள் வரலாயின. கணவர் இதனை நகைப்புக்கிடமானதென்றே கருதியிருப்பார் எனக் கூறிய மனைவி ஊனா, பணந்தர மறுத்துவிட்டார். பிள்ளைகளுக்குத் தீங்கு நேருமென்ற மிரட்டலுக்கும் அவர் பணியவில்லை.

லொசான் நகரிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 200 தொலைபேசிக் கூடுகளைப் பொலிஸார் கண்காணித்தனர். மே மாதத்தில் இருவர் சிக்கினர். ஒருவர் போலந்தையும் மற்றவர் பல்கேரியாவையும் சேர்ந்தவர். இருவரும் வாகனம் திருத்தும் தொழிலாளர். சொந்தமாக ஒரு வாகனத் திருத்தகம் அமைக்கப் பணம் தேடியே இதனைச் செய்தனராம். ஜெனீவா ஏரியின் கீழ்க்கோடியிலுள்ள நொவில் எனும் ஊரின் சோள வயலினின்று, மே 17 அன்று பெட்டி மீட்கப்பட்டது.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தயங்கவே செய்கின்றோம். அவ்விருவரும் அரசியல் அகதிகள். வந்தேறிகளுக்காகத் திரையில் அதிகாரியை உதைத்தவரின் உடலையே அவர்கள் பணயமாக்கினர். டிசெம்பரில் ஒருவருக்கு நாலரை ஆண்டுச் சிறையும், மற்றவருக்கு ஒத்திவைக்கப்பட்ட பதினெட்டு மாதத் தண்டனையும் விதிக்கப்பட்டன.

பழைய மயானத்திலேயே சப்ளினை மீண்டும் அடக்கஞ் செய்தனர். இம்முறை மேலே கொங்கிறீற்றும் இட்டனர். 1991 இல் மறைந்த ஊனாவும் அவரருகே உறங்குகின்றார்.