டாக்டர் ஜான்சனும் அவர் நாவும்

1755-ல் ஆங்கில அகராதியை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்திய டாக்டர் சாமுவேல் ஜான்சன், ஒரு மொழியின் சொற்களையெல்லாம் வகைப்படுத்தியவர்; தம் நாவினின்று புறப்படுஞ் சொற்களை அடக்கவோ ஆயுள் முழுவதும் போராடினவர். 1709-ல் லிச்பீல்டு நகரில் ஒரு புத்தக வியாபாரிக்கு மகனாய்ப் பிறந்தார். வறுமையும் நோயும் மனச்சோர்வும் அவரை நெடுநாள் வருத்தின. வாதத்தில் அவரை எதிர்ப்போர் புண்படாது மீள்வது அரிது.

இக்குறையை அவர் அறியாதவரல்லர். புத்தாண்டிலும், உயிர்த்தெழுந்த திருநாளிலும், தம் பிறந்த நாளிலும் தம் உள்ளத்தைத் தாமே விசாரித்து, ஜெபங்களையும் தீர்மானங்களையும் எழுதிவைப்பார். அதிகாலையில் எழவேண்டுமென்ற தீர்மானம் பன்முறை எழுதப்பட்டுப் பன்முறை முறிந்தது! விடுதி மாணவர்க்கு இஃது ஆறுதலாகலாம். ஆயினும் எழுதுவதை அவர் விட்டாரில்லை.

இங்ஙனம் பழகிய உள்ளம், நா தவறிய வேளையில் விழித்துக்கொண்டது. 1773 மே 7-ஆம் நாள் ஒரு விருந்தில், தமக்குப் பேச இடமில்லையென வருந்திக் குறுக்கிட்ட கவிஞர் கோல்டுஸ்மித்தைப் பலர் முன்னிலையில் மரியாதையற்றவரென்று ஜான்சன் கடிந்தார். கவிஞர் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை நண்பர் சங்கத்தில் அவர் முகம் வாடியிருக்கக் கண்ட ஜான்சன், யாவருங் கேட்க அவரை அழைத்து மன்னிப்பு வேண்டினார். ஏறக்குறைய 20 வயது இளையவரிடம்! கோல்டுஸ்மித் சாந்தமாய் ஏற்று, முன்போல் உரையாடலானார்.

மறுநாளைக்கென்று அதனை ஒத்திவைத்திருந்தால், பின் வாய்த்திருக்குமோ, யாரறிவார்? 1774 ஏப்ரலில் கோல்டுஸ்மித் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கெனப் பொறித்த லத்தீன் வாசகத்தை இயற்றியவர் ஜான்சனே. அவரும் 1784 டிசம்பர் 13-ஆம் நாள் மறைந்தார்; அவர் ஜெபங்கள் அடுத்த ஆண்டு அச்சேறின.