டாடா கண்ணால் காணாத கல்விச்சாலை

பெங்களூர் யஷ்வந்தபூர் ரெயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொன்னால் போதும். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். கழகத்தின் பெயரில் டாடா இல்லை. ஊர் மக்கள்தான் அந்தப் பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஜாம்ஷெட்ஜி டாடா 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி குஜராத்தில் உள்ள நவ்சாரியில், பார்சி புரோகிதர் வம்சத்தில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துவிட்டுத் தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்தார். 1877-ல் நாகபுரியில் எம்பிரஸ் மில்லைத் திறந்தார். பணம் குவிந்தது.

பெங்களூர் அவருக்குப் புதிய ஊர் அல்ல. ஜப்பானிய முறையில் பட்டு வளர்க்க இங்கே பண்ணை வைத்தார். பண்ணை போய்விட்டது. பசவனகுடிப் பக்கம் டாடா சில்க் பார்ம் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

1893-ல் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கப்பலில் விவேகானந்தரும் அவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள். விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் டாடாவிடம் வளர்ந்துவந்தது. 1898-ல் அதற்காக சுமார் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பம்பாய்ச் சொத்துகளைக் கொடுக்க முன்வந்தார். அவருடைய செல்வத்தில் ஏறத்தாழப் பாதி அது.

கொடுப்பவர் தயார். வாங்கத்தான் சர்க்கார் தயாராக இல்லை. வைசிராய் கர்சனுக்குச் சந்தேகம். மாணவர்கள் வருவார்களா, படித்தபின் வேலை எங்கே என்று கேட்டார். ஆபீசில் ஒரு சாங்ஷன் மூன்று மாதம் தாமதமானால் நாம் அலுத்துக்கொள்கிறோம். டாடாவின் பைல் 11 ஆண்டுகள் நகர்ந்தது!

இடம் பார்க்க வந்த விஞ்ஞானி வில்லியம் ராம்சே பெங்களூரைச் சிபாரிசு செய்தார். பாலக்காட்டுத் தமிழரான திவான் சர் சேஷாத்ரி ஐயரும் ஆதரவு கொடுத்தார். (சேஷாத்ரிபுரம் அவர் பெயரில் அமைந்ததுதான்.) அவர் 1901-ல் காலமானார். டாடாவும் 1904 மே 19-ந் தேதி ஜெர்மனியில் கண்மூடினார். ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

மகன்கள் தோராப்ஜியும் ரத்தனும் சொத்தைத் தங்களுக்கென்று கேட்கவில்லை. தந்தை சொன்னபடியே விட்டுக்கொடுத்தார்கள். மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1909-ல் உத்தரவு பிறந்தது. 1911-ல் வகுப்புகள் தொடங்கின.

அதன்பின் நடந்ததுதான் விசேஷம். முதல் உலகப்போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்றது. சந்தன எண்ணெய் வடிக்கும் முறையைக் கழகத்து ரசாயனப் பேராசிரியர்கள் கண்டு சொன்னார்கள். அதிலிருந்து வந்ததுதான் மைசூர் சாண்டல் சோப். 1940-ல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை வந்தது. 1942-ல் கழகத்தில் விமானப் பொறியியல் வகுப்பு வந்தது. படித்தவருக்கு வேலையும், தொழிற்சாலைக்கு ஆளும் ஒரே ஊரில் கிடைத்தன. கர்சனின் கேள்விக்குப் பதில் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று. 1972-ல் கழக டைரக்டர் சதீஷ் தவான் விண்வெளித் துறைக்கும் தலைவரானார். கழகத்தை விட்டுப் போக மனமில்லாமல் இரண்டு பொறுப்பையும் பெங்களூரிலேயே இருந்து பார்த்தார்.

டாடாவின் சமாதி இங்கிலாந்தில் புரூக்வுட் மயானத்தில் இருக்கிறது. கழகத்தின் பிரதானக் கட்டடத்துக்கு எதிரே அவருடைய சிலை நிற்கிறது.