கூதிர்காலமும் தனிநாயக அடிகளும்

நான் பிறந்த தீவில் இலையுதிர்காலம் என்றொரு பருவம் இல்லையென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பள்ளியிற் படித்த ஆங்கிலப் பாடநூலில் அப்பருவத்தைக் கண்டு மயங்கியதுண்டு. மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு நிற்க, பூங்காவின் நடைபாதையெங்கும் சருகு மெத்தை விரித்திருக்குமாம். எங்கள் ஊரிலோ பூங்கா என்று பெயர் பெற்ற இடமே இல்லை. பனந்தோப்பும், பூவரச வேலியும், கோயில் வீதியும், குளக்கரையுமே எங்கள் பூங்காக்கள். இயற்கையழகு பிறர் நாட்டுச் செல்வம். நமக்கு வாய்த்தவை வெயிலும் உவர்நீருமே என்றொரு தாழ்வுணர்ச்சி என் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

அதனைக் களைந்தவர் தனிநாயக அடிகளார். அவரோடு நான் பழகியவனல்லன். அவர் எழுதிய நூலின் வழியாகவே அவரை அறிந்தேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, கரம்பனிலிருந்து ஊர்காவற்றுறை இறங்குதுறை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அன்று காலைதான் மழை ஓய்ந்திருந்தது. வாடைக்காற்றில் பனையோலைகள் சலசலத்தன. ஆடி மாதத்தில் வெடித்துக் கிடந்த தரவை நிலம் பசும்புல் போர்த்திருந்தது. வேலியோரத்தில் கார்த்திகைப்பூக்கொடி அரும்பு கட்டத் தொடங்கியிருந்தது. பரவைக்கடலின் ஆழமற்ற நீரில் தூரதேசத்துப் பறவைகள் வந்திறங்கியிருந்தன. இந்த மண்ணில் அன்றோ அடிகளார் பிறந்தார் என்ற நினைவு அப்போது எழுந்தது.

அவர் 1913ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆம் நாள் கரம்பனிற் பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். துறவு வாழ்வை விரும்பிக் கொழும்பிற் குருமடம் புகுந்து, 1934இல் உரோமாபுரி சென்றார். அங்கு 1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இலத்தீனும் இத்தாலியமும் அவருக்குக் கைவந்த மொழிகளாயின. ஐந்தாண்டுகள் அந்நகரில் வாழ்ந்தவர், அதன் சோலைகளில் இலைகள் நிறம் மாறி உதிர்வதை ஆண்டுதோறும் கண்டிருப்பார். மேனாட்டார் போற்றும் அப்பருவம், எனக்குப் போல, அவருக்கு ஏட்டுச் சுரைக்காயன்று.

ஆயினும் அவர் வாழ்வின் பெருந்திருப்பம் அதன் பின்னரே நேர்ந்தது. தாயகம் சார்ந்த தமிழகத்திற்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். பன்மொழி கற்ற அவர், தம் தாய்மொழியின் பழைய இலக்கியத்தை முறையாகக் கல்லாத குறையை அங்கே உணர்ந்தார். முப்பதை நெருங்கிய வயதில், கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், பண்டிதர் முன் மாணவராய் அமர்ந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து தமிழ் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். கல்விச் செருக்கு நம்மைப் பிணித்திருக்கும் போதெல்லாம் நினைக்கத்தக்க நிகழ்ச்சி இது.

அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் சங்கச் செய்யுளில் இயற்கை. அவ்வாராய்ச்சி 1952ஆம் ஆண்டையொட்டி ஆங்கில நூலாயிற்று. 1966இல் விரிந்த வடிவிலும் வெளிவந்தது. கிரேக்கரும் உரோமரும் இயற்கையைப் பாடிய முறையோடு நம் புலவர் முறையை அவர் ஒப்பிட்டார். நிலமும் பொழுதும் மாந்தர் உணர்ச்சிக்குப் பின்புலமாய் நின்று, அவ்வுணர்ச்சியையே விளக்கும் திணைமரபை உலக அறிஞர்க்கு எடுத்துரைத்தார்.

அந்நூலைக் கற்றபின் பெரும்பொழுது ஆறனையும் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். காருக்கும் முன்பனிக்கும் இடையே, ஐப்பசியும் கார்த்திகையுமாய்க் கூதிர் நிற்கின்றது. மேனாட்டில் இலை உதிரும் அதே திங்களில், இங்கே புல் தளிர்க்கின்றது. பாத்தியிற் புதைத்த பனங்கொட்டை முளைவிடுகின்றது. அங்கே அது முடிவின் அழகு. இங்கே அது தொடக்கத்தின் அழகு. நெடுநல்வாடையை யாத்த நக்கீரர் இப்பருவத்தின் குளிரையும் பிரிவையும் ஒருசேரப் பாடியவர். பருவம் எமக்கு இல்லாமலில்லை. அதைக் காணும் கண்ணே எனக்கு இல்லாதிருந்தது.

அடிகளாரின் பிற்கால உழைப்பு பெரிது. 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராகவும், பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராகவும் பணியாற்றினார். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடிக்கண்டார். 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. பின் சென்னையும் பாரிஸும் கண்டு, 1974இல் அம்மாநாடு யாழ்ப்பாணம் வந்தது. உலகெங்கும் தாம் ஏந்திச் சென்ற தமிழ், தம் மண்ணுக்கே திரும்பிய பெருமகிழ்ச்சி அவருக்கு. ஆனால் இறுதிநாளான சனவரி 10ஆம் நாள் இரவு, காவற்படையினர் கூட்டத்திற் புகுந்ததைத் தொடர்ந்து ஒன்பது உயிர்கள் மாண்டன. விழா, துயரமாய் முடிந்தது.

1980ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல்நாள் அடிகளார் மறைந்தார். அவ்வாண்டின் கூதிர் மழை தீவகத்தில் விழுமுன்னரே அவர் சென்றுவிட்டார்.

இறங்குதுறையை அடைந்தபோது இருள் கவிந்துவிட்டது. கடலிடையே பழைய கோட்டை கரிய நிழலாய்த் தெரிந்தது. போர்க்காலத்தில் இவ்வூரைவிட்டுப் பெயர்ந்தோர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று தொரந்தோவிலும் இலண்டனிலும் செந்நிறச் சருகுகளைப் பொறுக்கி விளையாடுகின்றனர். அவ்வழகை அவர்கள் துய்க்கட்டும். ஆனால் அதே நாளில் தம் பாட்டன் மண்ணில் வாடை வீசுகின்றது, பனை முளைக்கின்றது என்பதையும் அவர்களுக்கு யாரேனும் சொல்லவேண்டும். அதனைச் சொல்லாது விட்டால், நான் சிறுவயதிற் சுமந்த தாழ்வுணர்ச்சியை அவர்களும் சுமப்பர். மீண்டும் மழை தூறத் தொடங்கிற்று. குடையை விரிக்க மனமின்றி, நனைந்தபடியே வீடு திரும்பினேன்.