தோற்காமலே விலகிய சாம்பியன்
சுட்டீஸ், ஸ்நூக்கர் விதிகள் 1880களில் நம்ம ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டவை. ஆனாலும், பில்லியர்ட்ஸுக்கு இருந்த மவுசு ஸ்நூக்கருக்கு ரொம்ப நாள் இல்லை.

இங்கிலாந்தின் ஜோ டேவிஸ் (1901-1978) விடவில்லை. 1927ல் முடிந்த முதல் உலகப் போட்டிக்குப் பாடுபட்டவர் அவர். கோப்பை வாங்கியதுகூட வீரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தில்தான்! ஜெயித்த டேவிஸுக்குக் கிடைத்த பரிசு வெறும் ஆறரை பவுண்ட். 1946 வரை நடந்த 15 உலகப் போட்டிகளிலும் அவரே சாம்பியன். அத்துடன், தோற்காமலே விலகிக்கொண்டார்.

பிறகு, ஒரு பத்திரிகை வீரர்களை அழைத்துப் போட்டி நடத்தியது. அதில் பலசாலியான டேவிஸ், ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளிக்குப் புள்ளிகள் கொடுத்துவிட வேண்டும். அப்படியும் 1950ல் அவரே வென்றார்!

புள்ளிகள் கொடுக்காமல், சரிசமமாக ஆடியபோது அவரைத் தோற்கடித்தவர் ஒருவர்தான். யார் தெரியுமா? சொந்தத் தம்பி ஃபிரெட்!