சிலையைத் தட்டினார், சிறைக்குப் போனார்!

1870-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி. பிரான்சு நாட்டில் டோம்ரெமி என்ற சிறு கிராமம். வீரமங்கை ஜோன் பிறந்த ஊர் அது.

அவள் வீட்டு முன்னே அவளுக்கு ஒரு சிலை. அதை ஒரு வெளிநாட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். இது எதனால் ஆனது? அவருக்குச் சந்தேகம். கைத்தடியால் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

திரும்பினால், சுற்றிலும் ஊர் ஜனங்கள்!

அப்போது பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் கடும் யுத்தம். வந்தவரோ பெர்லின்காரர். ஒற்றன் என்று பிடித்துவிட்டார்கள்.

அவர் பெயர் தியோடர் ஃபோன்டானே. வயது 50. மருந்துக்கடையில் தொழில் கற்றவர். பிறகு பத்திரிகையாளர் ஆனார். யுத்தத்தைப் பற்றிப் புத்தகம் எழுதவே பிரான்சுக்கு வந்தார். ஜெர்மன் படை பிடித்திருந்த பகுதியிலேயே இருந்திருந்தால் ஆபத்து இல்லை. ஜோனின் ஊரைப் பார்க்கும் ஆசை அவரை எல்லை தாண்ட வைத்தது.

யுத்த காலத்தில் ஒற்றனுக்கு என்ன தண்டனை? சுட்டுக் கொல்வதுதான். பெர்லினில் மனைவி எமிலியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். பெசன்சோன் கோட்டையில் ராணுவத்தினர் விசாரித்தார்கள். ஒற்றன் அல்ல என்று தெரிந்தது. உயிர் தப்பியது! ஆனாலும் விடவில்லை. யுத்தக் கைதி என்று சொல்லி, மேற்குக் கடலில் உள்ள ஒலேரோன் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. பெசன்சோன் நகரப் பேராயர் வரை சிபாரிசு போயிற்று. அதனால் தீவில் ஓர் அதிகாரிக்கு உரிய மரியாதை கிடைத்தது. பிரஷ்யாவின் பிரதம மந்திரி பிஸ்மார்க்கும் தலையிட்டார். பாரிசிலிருந்த அமெரிக்கத் தூதர் மூலம், இவரை விடாவிட்டால் பிரெஞ்சுப் பிரமுகர்களைப் பிடிப்போம் என்று மிரட்டினார். நவம்பர் கடைசியில் விடுதலை.

வீடு திரும்பியவர் சிறை அனுபவத்தைப் புத்தகமாக்கினார். 1871-ல் அது வெளிவந்தது. எதிரியைத் திட்டித் தீர்த்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! காவலர்களிடமும் ஊராரிடமும் கண்ட நல்ல குணங்களை மறைக்காமல் எழுதினார். யுத்த வெறி அடங்காத நேரத்தில் அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். இன்னொரு செய்தி: மதக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்து ஓடி வந்த குடும்பத்தின் வழித்தோன்றல்தான் அவர்!

முதல் நாவல் 1878-ல் வந்தபோது அவருக்கு வயது 58. 'எஃபி பிரீஸ்ட்' என்ற நாவல் 1895-ல் புத்தகமாக வந்து, பெரும் புகழ் தந்தது. 1898-ல் பெர்லினில் காலமானார்.

சிறையிலிருந்து வந்த சில மாதங்களில், 1871 வசந்த காலத்தில், அவர் மறுபடியும் பயணம் புறப்பட்டார். எங்கே தெரியுமா? அதே பிரான்சுக்குத்தான்!